எத்தனை அடுக்கு போதும்?

கேள்வி: என் மகன் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறான். எந்தக் கன்டெய்னரை எதன் மேல் வைப்பது என்று கம்ப்யூட்டர்தான் சொல்கிறதாம். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டது யார்? (ஒரு வாசகர், திருவொற்றியூர்)

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கென்றே தனி முனையம் 1983-ல் வந்தது. இன்று உலகெங்கும் இப்படிப்பட்ட முனையங்களில் அடுக்கும் வேலையை மென்பொருள் திட்டமிடுகிறது. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் கணிதம் எந்தத் துறைமுகத்திலும் பிறந்ததல்ல. கப்பலை மனதில் வைத்துக்கொள்ளாத ஒருவர் 1950-ல் எழுதியது அது.

முதலில் சிக்கலைப் பார்த்துவிடுவோம். அடியில் இருக்கும் பெட்டி முதலில் கிளம்ப வேண்டுமென்றால், மேலே இருப்பதை எல்லாம் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். கிரேன் நேரமும் டீசலும் வீண். கீழே லாரியில் காத்திருப்பவரின் இரவும் வீண். ஆகவே விதி ஒன்றே ஒன்று: மேலே இருப்பது கீழே இருப்பதற்கு முன் கிளம்புவதாக இருக்க வேண்டும்.

ஆறு பெட்டிகள் யார்டுக்கு வருகின்றன என்று வையுங்கள். எது எத்தனையாவதாகக் கிளம்பும் என்பதே அதன் எண். அவை வந்து சேரும் வரிசை 3, 5, 1, 4, 6, 2. ஆறும் வந்து சேர்ந்த பிறகே முதல் பெட்டி கிளம்பும். 3-ஐத் தரையில் வைக்கிறோம். அதன் மேல் 5 வரக் கூடாது, எனவே இரண்டாவது அடுக்கு. 1 வந்ததும் 3-இன் மேல் ஏறுகிறது. 4 வந்ததும் 5-இன் மேல் ஏறுகிறது. 6-க்கு இரண்டிலும் இடமில்லை, மூன்றாவது அடுக்கு தொடங்குகிறது. கடைசியாக 2, நாலின் மேல். மூன்று அடுக்கில் வேலை முடிந்தது. பிறகு 1 முதல் 6 வரை எடுத்துப் பாருங்கள், ஒரு பெட்டியைக்கூட நகர்த்த வேண்டியிருக்காது.

இரண்டே அடுக்கில் முடித்திருக்க முடியாதா? முடியாது. 3, 5, 6 ஆகிய மூன்றும் வந்த வரிசையிலேயே கிளம்புகின்றன. அவற்றில் எந்த இரண்டையும் ஒரே அடுக்கில் வைக்க வழியில்லை. ஒன்றோடொன்று சேராத மூன்று இருந்தால் மூன்று அடுக்காவது வேண்டும் என்பது யாருக்கும் புரியும். வியப்பு மறுபக்கத்தில் இருக்கிறது: இப்படிச் சேராமல் நிற்கும் கூட்டங்களில் மிகப் பெரியதில் எத்தனை பெட்டியோ, அத்தனை அடுக்கே போதும். ஒன்றுகூட அதிகம் வேண்டாம். பெட்டிகள் ஆறாக இருந்தாலும் ஆறாயிரமாக இருந்தாலும் இதுவே விதி.

இதைப் பொதுவாக நிரூபித்தவர் ராபர்ட் டில்வொர்த், அமெரிக்காவின் கால்டெக்கில் கணிதப் பேராசிரியர். அவர் ஆராய்ந்தது லாட்டிஸ் எனப்படும் வரிசை அமைப்புகளை. எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்கு மேல் மிக நெருக்கமான ஒன்றும், கீழே மிக நெருக்கமான ஒன்றும் இருக்கும் அமைப்பு லாட்டிஸ். ஜெர்மனியின் ரிச்சர்ட் டெடெகிண்ட் 1897-ல் இதைத் தொட்டார். கேரட் பிர்க்காஃப் 1940-ல் தனி நூலே எழுதினார். டில்வொர்த்தின் தேற்றம் இந்தப் பாரம்பரியத்தில் வந்தது. சில ஜோடிகளை ஒப்பிட முடியும், சிலவற்றை ஒப்பிட முடியாது என்ற நிலையில் நிற்கும் எந்தக் கூட்டத்துக்கும் அது பொருந்தும்.

கப்பல் இந்தக் கதைக்குள் வந்தது 1954-ல். ராண்ட் நிறுவனத்தின் ஜார்ஜ் டான்ட்சிக்கும் டெல்பர்ட் ஃபுல்கர்சனும், முன்கூட்டியே குறிக்கப்பட்ட பயணங்களைச் செய்து முடிக்கக் குறைந்தது எத்தனை எண்ணெய்க் கப்பல் வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. 1974-ல் தொடங்கப்பட்ட நம் அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம், மின்வாரியத்துக்கான நிலக்கரியை ஹால்தியா, பாரதீப், விசாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவருகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டதே முதன்மையாக இந்த நிலக்கரிக்காகத்தான். ஒரு கப்பல் எண்ணூரில் சரக்கை இறக்கி, காலியாகப் பாரதீப்புக்குத் திரும்பி, அடுத்த பயணத்துக்குச் சரக்கேற்றும் நாளுக்குள் போய்ச் சேர முடிந்தால் அந்த இரண்டு பயணத்துக்கும் ஒரே கப்பல் போதும். முடியாவிட்டால் இரண்டு கப்பல். இப்படி ஒரே கப்பலால் செய்ய முடியாத ஜோடிகளாகவே அமையும் பயணக் கூட்டங்களில் மிகப் பெரியது எதுவோ, அதன் எண்ணிக்கைதான் வாடகைக்கு எடுக்க வேண்டிய கப்பல்களின் எண்ணிக்கை. 1956-ல் ஃபுல்கர்சனே டில்வொர்த்தின் தேற்றத்துக்கு வேறொரு நிரூபணம் தந்தார். ஜோடி சேர்க்கும் வலைப்பின்னல் கணக்காக அதை மாற்றிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அது கம்ப்யூட்டரில் வேகமாகப் போடக்கூடிய கணக்கானது. இந்தப் பகுதிக்காக நான் படித்த தோற்றக் கதைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் காட்டிய ஆறு பெட்டிக் கணக்கு, எல்லாம் வந்த பிறகே எடுக்கத் தொடங்கும் யார்டுக்கு. நிஜத்தில் ஒரு பக்கம் வந்துகொண்டும் மறுபக்கம் போய்க்கொண்டும் இருக்கும். அப்போது இந்த அழகான சமன்பாடு உடைந்துவிடுகிறது. வட்டத்துக்குள் வரைந்த நாண்களில் ஒன்றையொன்று வெட்டுபவற்றுக்கு வெவ்வேறு நிறம் கொடுக்கும் கணக்காக அது மாறுகிறது. அதற்கு வேகமான வழி கிடைப்பது அரிது என்பதை 1980-ல் கேரி, ஜான்சன், மில்லர், பாபாடிமிட்ரியூ ஆகிய நால்வரும் நிறுவினார்கள். போதாக்குறைக்கு அடுக்கின் உயரத்துக்கும் வரம்பு உண்டு. எனவே யார்டு மென்பொருள் தருவது பெரும்பாலும் நல்ல விடைதான், ஆகச் சிறந்த விடையாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மகன் காத்திருக்கும் நேரங்களில் ஒரு பகுதிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் துறைமுகத்தின் ஜீரோ கேட் முன்னால் லாரி வரிசை ஏன் குறைவதில்லை? (ஒரு வாசகி, காசிமேடு)

பதில்: இதற்கும் அதே ஃபுல்கர்சன்தான். 1955-ல் ஹாரிஸ், ராஸ் என்ற இருவர் சோவியத் ரயில் பாதைகளில் எவ்வளவு சரக்கு போக முடியும் என்று அமெரிக்க விமானப்படைக்காகக் கணக்கிட்டார்கள். 44 முனைகள், 105 இணைப்புகள் கொண்ட வலை அது. அந்த அறிக்கை 1999 வரை ரகசியமாகவே இருந்தது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஃபோர்டும் ஃபுல்கர்சனும் 1956-ல் ஒரு தேற்றம் தந்தார்கள்: ஒரு வலையில் மணிக்கு அதிகபட்சம் எவ்வளவு ஓடும் என்பது, அந்த வலையை இரண்டாக வெட்டும் வெட்டுகளில் மிக மெலிந்ததன் அளவே.

மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் எத்தனை வழிச்சாலை போட்டாலும், கேட்டில் ஆவணம் பார்த்து உள்ளே விடும் வேகமே மெலிந்த வெட்டாக இருந்தால், மணிக்கு உள்ளே போகும் லாரிகளின் எண்ணிக்கை ஒன்றுகூட அதிகரிக்காது. அகலமான சாலையில் வரிசை அகலமாக நிற்கும், அவ்வளவுதான். எங்கே பணம் செலவழிப்பது என்று முடிவெடுப்பவர்கள் முதலில் அந்த வெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். வருடக்கணக்காக அந்தப் புழுதியில் வாழும் மக்களுக்கு அந்த அளவாவது கடமைப்பட்டிருக்கிறார்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். இந்தத் துறையில் நம் ஊரில் யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா? (ஒரு மாணவி, ராயபுரம்)

பதில்: உலகம் அறிந்தவர்களே இருக்கிறார்கள், மகளே. டில்வொர்த்தின் தேற்றத்தில் பார்த்த சமத்துவம் எந்தெந்த வரைபடங்களுக்கு (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்டவை) பொருந்தும் என்பது பற்றி பிரான்ஸின் கிளாத் பெர்ஷ் 1960-களின் தொடக்கத்தில் ஒரு ஊகத்தை வைத்தார். அதில் ஒரு முக்கியமான வகைக்கு ஊகம் உண்மை என்று 1976-ல் நிறுவியவர்கள் சென்னை ஐஐடியின் கே. ஆர். பார்த்தசாரதியும் அவர் மாணவர் ஜி. ரவீந்திராவும். (நிகழ்தகவில் புகழ்பெற்ற கே. ஆர். பார்த்தசாரதி வேறு.) முழு ஊகத்துக்கு நிரூபணம் வெளியானது 2006-ல்தான். அதே ஐஐடியில் சி. பாண்டு ரங்கன் வரைபட அல்காரிதங்களில் ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கினார்.

வேகமான வழி இல்லாத கணக்குகளை என்ன செய்வது என்பது தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பலம். 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய நிறுவனம் அது. வெங்கடேஷ் ராமன், சாகேத் சௌரப் ஆகியோர் அங்கே செய்த வேலையின் சாரம் இது: கணக்கு முழுவதும் கடினமாக இருந்தாலும், அதில் ஏதோ ஒரு அளவு சிறியதாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வேகமாகத் தீர்க்க முடியுமா? சௌரப் இணை ஆசிரியராக 2015-ல் வந்த பாடநூல் ஒன்று இந்தப் பொருளில் உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஆசிரியர்களே அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். முதலில் பார்த்தசாரதியின் வரைபடக் கோட்பாட்டு நூலில் ஜோடி சேர்த்தல் பற்றிய பகுதியைப் படியுங்கள், பிறகு அதற்கு வாருங்கள். நடுவில் எங்காவது சிக்கினால் எழுதுங்கள்.