ஓர் ஆடி போதாது

புகைமூட்டத்தால் பள்ளிக்கு விடுமுறை விட்ட நாள்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மேலிருந்து சாதாரணப் படம் எடுத்தால் புகைப் போர்வைதான் தெரியும். அகச்சிவப்பில் எடுத்தால், அதனடியில் எரியும் தீ பளிச்சென்று தெரியும். இரண்டையும் ஒரே கருவியால் அகலமாகப் படம் எடுக்க முடியுமா? இந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த வடிவமைப்புப் பயிற்சி இதுதான்.

முதலில் லென்ஸ் போட்டேன். கணினியில் பச்சை ஒளி ஊசிமுனை மாதிரி குவிந்தது. அகச்சிவப்போ அதே இடத்தில் மங்கலாகப் பரவியது. இரண்டு வார உழைப்பு போச்சு! காரணம் நாம் பள்ளியில் படித்ததுதான். லென்ஸுக்குள் நுழையும் ஒளி வளைகிறது; ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவு வளையும். முப்பட்டகத்தில் வானவில் தோன்றுவது அதனால்தானே? மேலும், சாதாரணக் கண்ணாடி நீண்ட அலைநீள வெப்பக் கதிர்களை உள்ளே விடாது. அவற்றை விடும் ஜெர்மேனியமோ, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடாது.

ஆடியில், அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பரப்பில், இந்தத் தொல்லை இல்லை. எந்த நிறமானாலும் படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம். பச்சை எங்கே குவியுமோ, அங்கேயே அகச்சிவப்பும் குவியும்.

அப்போ ஓர் ஆடி போதுமா? போதாது. பரவளைய ஆடி நேராக வரும் ஒளியைத்தான் ஒரே புள்ளியில் குவிக்கும். சாய்ந்து வரும் ஒளி வால்நட்சத்திரம் போல வால் விட்டுப் பரவும். இதன் பெயர் கோமா. அகலமான படத்துக்கு இதுதான் எதிரி. இன்னொரு சிக்கலும் உண்டு: ஆடி ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், அடுத்த ஆடி முன்னால் நின்று மறைக்கும். அதைப் பக்கவாட்டில் தள்ளினால் பிழை இன்னும் கூடும்.

2013இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 இதை எப்படிச் சமாளிக்கிறது, பாருங்க. அதன் ஓஎல்ஐ கருவியில், ஒன்றையொன்று மறைக்காமல் விலகி நிற்கும் நான்கு வளைந்த ஆடிகள் உள்ளன. ஒன்றின் பிழையை மற்றவை ஈடுகட்டும்படி அவற்றின் வளைவைக் கணக்கிடுகிறார்கள். பார்வைக் கோணம் 15 பாகை, உயரம் 705 கிலோமீட்டர். நீங்களே கணக்குப் போடுங்க: 705ஐ டான் 7.5 பாகையால் பெருக்கி, இரண்டு பக்கத்துக்கும் இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். ஒரே கடப்பில் அவ்வளவு அகலம், தெரியும் ஒளியிலும் குறுகிய அலை அகச்சிவப்பிலும்!

இப்போ என் வடிவமைப்பில் மூன்று ஆடிகள். நடுவில் தெளிவு, ஓரத்தில் இன்னும் மங்கல். தீ ஓரத்தில் எரிந்தால்? அதனால் நான்காவதையும் சேர்க்கப் போறேன்.

வீட்டில் எவர்சில்வர் கரண்டியின் உட்புறத்தை டார்ச் ஒளிக்கு நேராகக் காட்டி, பிறகு மெல்லச் சாய்த்துப் பாருங்க. சுவரில் விழும் ஒளிப்பொட்டு இழுபட்டுக் கலைவது தெரியும். என் படத்தின் ஓரத்தை மங்கலாக்கும் பிரச்சினையின் உறவுக்காரன்தான் அது!