தெளிந்த தண்ணீர் போதாது: கடல்நீர்த் தொட்டியில் மீன் விடும் முன்

புதிய கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, மணல் பரப்பி, பாறை அடுக்கி, வடிகட்டியையும் ஓடவிட்டுவிட்டீர்கள். இரண்டே நாளில் கலங்கல் அடங்கி, தண்ணீர் பளிங்குபோல் தெரிகிறது. "எப்போ மீன் வாங்கப் போறோம்?" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே இடத்தில்தான் அவசரப்பட்டேன். "தண்ணி தெளிவா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி இரண்டு கோமாளி மீன்களை வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் இரண்டும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடி மூச்சுக்குத் தவித்தன. ஐந்தாம் நாள் காலையில் ஒன்று செத்து மிதந்தது. மாலைக்குள் மற்றொன்றும் போய்விட்டது. தண்ணீர் கடைசிவரை பளிங்குபோலவே இருந்தது.

அந்த மீன்களைக் கொன்றது அம்மோனியா. மீன்கள் தங்கள் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட தீனி அழுகும்போதும் அதுவேதான் உருவாகிறது. கடலில் அது உடனே கலந்து நீர்த்துப்போகும். நூறு லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்?

இதில் கடல்நீருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அயனியால் அதிகத் தீங்கு இல்லை. மின்னூட்டம் இல்லாத அம்மோனியாதான் செவுளை எளிதாகக் கடந்து இரத்தத்தில் கலக்கும் நஞ்சு. பி.எச். 7 உள்ள நன்னீரில் இந்த நச்சு வடிவம் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் அது ஐந்து விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆகவே தங்கமீன் தொட்டியில் தப்பித்துக்கொண்ட பிழை, கடல்நீர்த் தொட்டியில் தப்பிக்காது.

இந்த நஞ்சை அகற்றும் வேலையாட்கள் நுண்ணுயிரிகள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் பெரும்பாலான மீன்கள் தாங்கிக்கொள்ளும். மிகுந்துபோனால் தண்ணீரை மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த உயிரிகளை 1890ஆம் ஆண்டு வாக்கில் முதலில் தனியே பிரித்துக் காட்டியவர் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக, அம்மோனியாவை உண்பவை பாக்டீரியாக்கள் மட்டுமே என்று நம்பி வந்தோம். 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது மீன் காட்சியகத்தின் தொட்டியொன்றிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா வகை உயிரி ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று அதற்குப் பெயர். அதன் உறவினங்கள் உலகக் கடல்களில் பெருந்தொகையாக இருப்பதும் தெரியவந்தது. கடலையே இயக்கும் ஓர் உயிரியை மீன் தொட்டியில் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இவை மெதுவாகப் பெருகுபவை. குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும்; இவற்றுக்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால்தான் புதிய தொட்டி பழகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் தேவைப்படுகிறது.

முன்பெல்லாம் விலை மலிந்த, உறுதியான சிறு மீன்களைத் தொட்டியில் விட்டுப் பழக்குவார்கள். அவை பிழைத்தால் சரி, செத்தாலும் சரி. இது தேவையற்ற கொடுமை. மீனே இல்லாமல் அம்மோனியாவை மட்டும் கொடுத்துப் பழக்கலாம்.

முதலில் தண்ணீர். சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் கலந்திருக்கும். சாதாரணக் குளோரின் போல் ஒரு நாள் வாளியில் வைத்தால் அது போய்விடாது. நம்முடைய நுண்ணுயிரிகளையும் கொன்றுவிடும். அதற்குரிய முறிப்பு மருந்தைக் கலந்த பிறகே உப்பைக் கரையுங்கள். குளோரமின் முறியும்போது சிறிதளவு அம்மோனியா விடுபடும் என்பதால், முதல் நாள் சோதனையில் நிறம் மாறினால் திகைக்க வேண்டாம். உப்பின் அளவு லிட்டருக்கு 35 கிராம் அளவில், அதாவது ஒப்படர்த்தி 1.025 அருகில் இருக்கட்டும்.

இனி அம்மோனியா. லிட்டருக்கு 2 மில்லிகிராம் போதும். நூறு லிட்டர் நீருக்கு 200 மில்லிகிராம் அம்மோனியா வேண்டும். தூய அம்மோனியம் குளோரைடின் எடையில் ஏறக்குறைய 32 விழுக்காடே அம்மோனியா என்பதால், சுமார் 0.63 கிராம் அம்மோனியம் குளோரைடு கரைக்க வேண்டும். தரை துடைக்கும் மணமூட்டிய அம்மோனியா வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சவர்க்காரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பச்சை இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிடுவதும் பழைய வழிதான். வேலை நடக்கும், ஆனால் அளவு உங்கள் கையில் இருக்காது. அடுக்குமாடி வீட்டில் நாற்றத்துக்கு அண்டை வீட்டார் என்ன சொல்வார்களோ!

நண்பர் வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தால் விரைவாகுமா? ஆகாது. இந்த உயிரிகள் நீரில் மிதப்பதைவிடப் பாறை, மணல், வடிகட்டியின் பஞ்சு போன்ற பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. அவர் வடிகட்டியின் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்தால் ஒரு வாரமாவது மிச்சமாகும். போத்தலில் விற்கும் பாக்டீரியாவும் உதவலாம். ஆனால் அது உப்புநீருக்கு உரியதா என்று பாருங்கள். வெயில் படும் அலமாரியில் கிடந்த போத்தலை நான் வாங்கமாட்டேன்.

பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்து ஒரு தாளில் குறித்து வாருங்கள். முதல் வாரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு அம்மோனியா இறங்க, நைட்ரைட் ஏறும். பலர் பொறுமை இழப்பது இங்கேதான். நைட்ரைட் வாரக்கணக்கில் உயரத்திலேயே நின்று சோதிக்கும். அந்த நேரத்தில் மேலும் மேலும் அம்மோனியா ஊற்றாதீர்கள். அது மிகுந்தால் நைட்ரைட்டை உண்ணும் கூட்டம் முடங்கிவிடும். நம் ஊர் வெப்பத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: 30 பாகை உப்புநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். இந்த உயிரிகளுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும்; நீர்மட்டம் சலசலக்கும்படி மோட்டாரைத் திருப்பி வையுங்கள். விளக்கு இப்போது தேவையில்லை, பாசிதான் வளரும். நீர் ஆவியானால் உப்பில்லாத நீரை ஊற்றி ஈடுசெய்யுங்கள், உப்பு ஆவியாகாது.

தொட்டி தயாரா என்பதற்கு ஒரே சோதனைதான். மீண்டும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கொடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியத்துக்கு வந்துவிட வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் போதாது. வந்துவிட்டால், சேர்ந்துபோன நைட்ரேட்டைக் குறைக்கப் பாதி நீருக்கு மேல் மாற்றிவிட்டு, ஓரிரு நாளுக்குள் மீன் வாங்கிவிடுங்கள். உணவில்லாமல் நீண்ட நாள் விட்டால் நுண்ணுயிரிகளின் வேகம் குறையும்.

முதல் முறை ஒன்றோ இரண்டோ மீன் போதும். எத்தனை வாய்க்கு உணவு இருக்கிறதோ அத்தனை நுண்ணுயிரிகளே தொட்டியில் இருக்கும். ஒரே நாளில் பத்து மீன் விட்டால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. முதல் இரண்டு வாரம் தீனியைக் குறைத்துப் போட்டு, அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். சிறிதளவு தெரிந்தாலும் அன்றைய தீனியை நிறுத்திவிட்டு, கால் பங்கு நீரை மாற்றுங்கள். அடுத்த மீனுக்குக் குறைந்தது மூன்று வாரம் கழித்துக் கடைக்குப் போகலாம்.