இரவு மூச்சும் பகல் மனமும்

மனச்சோர்வுக்கு மாதக்கணக்கில் மருந்து உட்கொண்டும் தெளிவு பெறாதவர்கள் சிலர் உண்டு. அத்தகையோரிடம் "உறக்கத்தில் குறட்டை விடுவதுண்டா?" என்று மருத்துவர் வினவும்போது, விடை பெரும்பாலும் உடன் வந்திருக்கும் துணைவரிடமிருந்தே கிடைக்கிறது. நோயாளி தம் குறட்டையை அறியார். குறட்டையின் நடுவே தம் மூச்சு நின்றுபோவதையும் அறியார். அம்மூச்சுத்தடைக்கும் பகலில் மனத்தைக் கவ்வும் சோர்வுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் உறுதியாகக் கூறுவன எவை, ஐயத்திற்கு இடமாக நிற்பன எவை, நாம் செய்யத்தக்கவை எவை என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

உறக்கத்தில் நிகழ்வது என்ன?

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சி மிகுந்து, நாவின் அடிப்பகுதியும் மென்மையான அண்ணமும் பின்சரிந்து மூச்சுக்குழல் வழியை அடைத்துவிடுகின்றன. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயலும், காற்றோ உட்செல்லாது. இவ்வாறு 10 விநாடியோ அதற்கு மேலோ காற்றோட்டம் நிற்பதையே மூச்சுத்தடை என்கிறோம். இந்நோயை மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' எனக் குறிப்பிடுவர்.

ஒரு மணி நேரத்தில் இத்தகைய தடைகளும், மூச்சு பெரிதும் குறையும் நிகழ்வுகளும் எத்தனை முறை நேர்கின்றன என்பதைக் கொண்டு நோயின் கடுமை அளக்கப்படுகிறது. 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 முறை என்றால், ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை. ஒவ்வொரு முறையும் மூளை உடலை ஒரு கணம் விழிக்கச் செய்து மூச்சை மீட்கிறது. அந்த விழிப்புகள் மிகக் குறுகியவை ஆதலால் காலையில் அவை நினைவில் இருப்பதில்லை. "நன்றாகத்தான் தூங்கினேன், ஆனாலும் களைப்பு நீங்கவில்லை" என்று நோயாளி கூறுவதன் பொருள் இதுவே.

மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் வசதி மூளைக்கு இல்லை. குருதி கொண்டுவந்து தரும் அளவே அதன் இருப்பு.

மூச்சு நிற்கும்போது குருதியில் ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயு கூடுகிறது. உடனே மூளையின் குருதிக்குழாய்கள் விரிந்து, கூடுதலான குருதியை வரவழைத்துக் குறையை ஈடுசெய்ய முயல்கின்றன. ஒருமுறை நிகழ்ந்தால் இந்த ஏற்பாடு போதுமானது. இரவுதோறும், ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான முறை ஆக்சிஜன் இறங்கி ஏறினால் குருதிக்குழாய்களின் அந்த இசைவுத்திறன் மங்கத் தொடங்குகிறது. நினைவாற்றலுக்கும் உணர்ச்சிகளின் கட்டுப்பாட்டிற்கும் பங்காற்றும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி ஆக்சிஜன் குறைவால் எளிதில் தாக்குறுவது.

இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே குறிப்பிடத்தக்கது. அதுவரை சிகிச்சை பெறாத, கடுமையான மூச்சுத்தடை உடைய 17 பேரின் மூளையை அவர்கள் எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்தனர். ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட சில பகுதிகளில் சாம்பல்நிறப் பொருளின் அளவு குறைந்திருந்தது. மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின் நினைவும் கவனமும் மேம்பட்டன. சில பகுதிகளில் அவ்வளவு மீண்டும் கூடியிருந்தது. சிறிய ஆய்வே எனினும், தாக்குற்ற மூளை தேறவும் கூடும் என்னும் நம்பிக்கையை இது தருகிறது.

'மனச்சோர்வு ஹார்மோன்' என ஒன்று உண்டா?

நோயாளிகள் பலர் இவ்வாறு கேட்கின்றனர். மனச்சோர்வை மட்டுமே விளைவிக்கும் தனி ஹார்மோன் எதுவும் இல்லை. ஆயினும் மனநிலையோடு நெருங்கிய தொடர்புடைய ஹார்மோன்கள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது கார்ட்டிசால். மூளையின் ஹைப்போதலாமஸ் ஆணையிட, பிட்யூட்டரி சுரப்பி அதனைக் கடத்த, சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பி இதனைச் சுரக்கிறது.

இயல்பாகக் கார்ட்டிசால் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்தும், விழித்தெழும் வேளையில் மிகுந்தும் இருக்கும். முன்னிரவின் ஆழ்ந்த உறக்கம் அதன் சுரப்பை அடக்கி வைக்கிறது. மூச்சுத்தடையால் உறக்கம் துண்டு துண்டாகும்போது அந்த அடக்கம் குலைகிறது. ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் உடல் ஆபத்தை எதிர்கொள்வதுபோல் விழிப்பு நிலையில் நிற்கிறது. மனச்சோர்வு உடையவர் பலரிடமும் இதே கார்ட்டிசால் ஒழுங்கு குலைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

எனினும், மூச்சுச் சிகிச்சையால் கார்ட்டிசால் குறைகிறதா என்ற வினாவிற்கு ஆய்வுகள் ஒரே விடை தரவில்லை. சிலவற்றில் குறைந்தது, வேறு சிலவற்றில் மாற்றம் தெரியவில்லை. ஆகவே, மனச்சோர்வை அளப்பதற்கெனக் கார்ட்டிசால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதில்லை. தைராய்டு பரிசோதனையோ பயனுடையது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் களைப்பு, உடற்பருமன், மனச்சோர்வு, குறட்டை ஆகியவை தோன்றும். அதற்குரிய சிகிச்சை வேறு.

சி-பாப் கருவி செய்வது என்ன?

1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சலிவனும் அவர்தம் குழுவினரும் ஐந்து நோயாளிகளுக்கு மூக்கின் வழியே இடைவிடாத மெல்லழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூச்சுத்தடை நீங்குவதை மெய்ப்பித்தனர். இன்றைய சி-பாப் கருவிக்கு அதுவே தோற்றுவாய்.

இக்கருவி ஆக்சிஜன் உருளை அன்று. அறையிலுள்ள காற்றையே அழுத்தத்துடன் செலுத்தி, தொண்டை வழி மூடாமல் தாங்கி நிறுத்துகிறது. வழி திறந்திருந்தால் நுரையீரல் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே பெற்றுக்கொள்ளும். மூச்சுத்தடை உள்ளவருக்கு மருத்துவர் அறிவுரையின்றி வீட்டில் ஆக்சிஜன் மட்டும் வைப்பது தக்கதன்று. அது அடைப்பை நீக்காது. சிலருக்கு உடலில் கரியமில வாயு தேங்கவும் இடமளிக்கும்.

ஆய்வுகள் கூறுவன

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2015இல் வெளியான ஆய்வில், மூச்சுத்தடை இருப்பதாகக் கண்டறியப்பட்ட 293 பேருக்கு ஒன்பது வினாக்கள் கொண்ட மனச்சோர்வு வினாத்தாள் தரப்பட்டது. 213 பேர், அதாவது ஏறத்தாழ 73 விழுக்காட்டினர், குறிப்பிடத்தக்க மனச்சோர்வு அறிகுறிகளைக் காட்டினர். பின்னர், சராசரியாக இரவுக்கு 5 மணி நேரத்திற்குக் குறையாமல் மூன்று மாதம் சி-பாப் பயன்படுத்திய 228 பேருள் 9 பேரிடமே அவ்வறிகுறிகள் எஞ்சியிருந்தன.

இவ்வெண்களைக் கண்டு மகிழும்போதே இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். அவ்வினாத்தாளின் ஒன்பது வினாக்களுள் உறக்கம், களைப்பு, கவனக்குறைவு பற்றியவை மூச்சுத்தடையின் அறிகுறிகளும் ஆகும். உறக்கம் சீரானாலே மதிப்பெண் ஓரளவு இறங்கும். மேலும், கருவி பயன்படுத்தாத மற்றொரு குழுவுடன் அங்கே ஒப்பீடு செய்யப்படவில்லை. போலி அழுத்தம் தரும் கருவியோடு ஒப்பிட்ட குறுகியகால ஆய்வுகள் சிலவற்றில் இருசாராருமே ஓரளவு தெளிவு பெற்றனர்.

இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடைபெற்று 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்று, இதயநோயோ பக்கவாதமோ முன்னரே கண்ட 2,717 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தது. மாரடைப்பும் பக்கவாதமும் மீண்டும் வருவதை சி-பாப் குறைத்ததாக அவ்வாய்வில் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது. மனநிலையும் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டன. அவர்கள் கருவியைப் பயன்படுத்தியது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே என்பதும் கருதத்தக்கது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது: மூச்சுத்தடையும் மனச்சோர்வும் உடைய ஒருவருக்கு மூச்சுச் சிகிச்சை மனத்திற்கும் துணைபுரியக்கூடும். மனநலச் சிகிச்சைக்கு அது மாற்று ஆகாது.

நோயாளிகள் கவனத்திற்கு

மனச்சோர்வு மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் உண்டாகும், நோயும் திரும்பக்கூடும். குறைப்பதா, தொடர்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

குறட்டை உடையவர் மருத்துவர் அறிவுரையின்றித் தூக்க மாத்திரை உட்கொள்ளலாகாது. அவற்றுட் பலவும் மதுவும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும்.

கருவி பெற்ற முதல் சில வாரங்களே கடினமானவை. பகலில் விழித்திருக்கும்போது அரைமணி நேரம் முகமூடியை அணிந்து பழகினால் இரவில் அச்சம் குறையும். மூக்கு உலர்ந்தால் ஈரப்பதம் தரும் இணைப்பு உண்டு. காற்று கசிந்தால் முகமூடியின் அளவை மாற்றலாம். கருவியை அலமாரியில் வைத்துவிடுவதற்கு முன் எம் உறக்க ஆய்வுப் பிரிவை அணுகுங்கள். தீர்க்கக்கூடிய சிறு இடையூறுகளே பலரை இச்சிகிச்சையினின்று விலக்குகின்றன. பகல் உறக்கம் தீரும்வரை வாகனம் ஓட்டுவதைத் தவிர்த்தல் நன்று.

குடும்பத்தார் கவனத்திற்கு

உரத்த குறட்டை திடீரென நின்று, சற்று அமைதிக்குப் பின் திணறலுடன் மீண்டும் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். நோயாளியின் இசைவு பெற்றுக் கைப்பேசியில் அதனைப் பதிவு செய்து வந்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். பகலில் சோர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளாதீர்கள். அச்சொல் நோயை மறைக்கவே செய்யும்.

மூன்று மாதம் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்திய பின்னும் மனம் தெளியாவிடில் அதனைக் கட்டாயம் தெரிவியுங்கள். அது நோயாளியின் குறை அன்று. மனச்சோர்வுக்குத் தனியே சிகிச்சை தேவை என்பதற்கு அறிகுறி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் மூன்று மாதமோ மூன்று நாளோ காத்திருத்தல் கூடாது. அவரைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்த முறை மனச்சோர்வுக்காகவோ தீராத களைப்புக்காகவோ மருத்துவரைக் காண வரும்போது, உங்கள் உறக்கத்தை அறிந்த ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். நீங்கள் காணாத உங்கள் இரவை அவர் கண்டிருப்பார்.