யாருடைய சுமை?

பாதயாத்திரை புறப்படும் இளைஞர்கள் சிலர் எங்கள் ஆசிரமத்திற்கு வந்து வணங்கிச் செல்வதுண்டு. விடைபெறும்போது அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: 'சுவாமிஜி, பையில் என்னென்ன எடுத்துச் செல்லலாம்?'

பிரம்மத்தைப் பற்றிக் கேட்காமல் பையைப் பற்றிக் கேட்கிறார்களே என்று நான் வருந்துவதில்லை. ஒருவன் எவற்றை நம்பி வாழ்கிறான் என்பதை அவன் படிக்கின்ற நூல்களைவிட அவன் கட்டுகின்ற மூட்டை தெளிவாகக் காட்டிவிடும். ஆகவே இதைச் சாதனை பற்றிய கேள்வியாகவே ஏற்றுக்கொண்டு சிறிது சிந்திப்போம்.

ஐந்து குறைகள்

அஹிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மசரியம், அபரிக்ரஹம் ஆகிய ஐந்தையும் யமங்கள் என்று யோக சூத்திரம் கூறுகிறது. இவற்றுள் இறுதியானதாகிய அபரிக்ரஹத்தை விளக்கும்போது உரையாசிரியரான வியாசர் பொருள்களிடம் ஐந்து குறைகளைக் காட்டுகிறார். பொருளை ஈட்டுவதில் துன்பம் உண்டு; ஈட்டியதைக் காப்பதில் துன்பம் உண்டு; காத்தாலும் அது அழிவதால் துன்பம் உண்டு; அதன்மீது பற்று வளர்கிறது; அதனால் பிற உயிர்களுக்கு ஹிம்சை நேர்கிறது. இவற்றைக் கண்டுணர்ந்து, பொருளை ஏற்காதிருத்தலே அபரிக்ரஹம் என்பது அவரது விளக்கம்.

வீட்டில் அமர்ந்து படிக்கும்போது இந்த ஐந்தும் வெறும் பட்டியலாகத் தோன்றலாம். நம் நாட்டைப் போன்ற வெப்ப நாட்டில் முதுகில் பையுடன் பத்து நாட்கள் நடந்தால் இவை அனுபவமாகிவிடும். புறப்படுவதற்கு ஒரு மாதத்திற்கு முன்பே, 'ஒருவேளை தேவைப்படலாம்' என்ற எண்ணம் கடை கடையாக நம்மை அலைக்கழிக்கிறது. இது ஈட்டலின் துன்பம். ஆற்றில் இறங்கி நீராடும்போது ஒரு கண் கரையிலுள்ள பையின் மீதே இருக்கிறது. இது காத்தலின் துன்பம். ஈரக் காற்றில் தோல் செருப்பு பூஞ்சை பிடிக்கிறது. தடித்த பருத்தி ஆடை துவைத்து இரண்டு நாட்களாகியும் உலர்வதில்லை. மாத்திரைகள் ஈரம் கோத்துவிடுகின்றன. புத்தகத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இது அழிவினால் வரும் துன்பம். இவ்வளவிற்குப் பின்னும் அவற்றுள் ஒன்றைக்கூட விட்டுவிட மனம் வருவதில்லை. அதுவே பற்று.

ஐந்தாவதாகிய ஹிம்சைதான் எனக்கு நெடுநாள் புரியாதிருந்தது. என் பையில் கூடுதலாக நான்கு புத்தகங்கள் இருப்பதால் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்துவிடும்? தத்துவ வகுப்பில் இதற்கு விடை கிடைக்கவில்லை. நர்மதை நதிக்கரையில் கிடைத்தது.

நதிக்கரைப் பாடம்

நர்மதையை வலமாக வருவது நர்மதா பரிக்ரமா எனப்படும். அமர்கண்டகத்தில் தோன்றி, பரூச் நகருக்கு அப்பால் கடலில் கலக்கும் அந்த நதியின் நீளம் 1,312 கி.மீ. அதன் போக்கு முழுவதும் கடகரேகைக்குத் தெற்கே அமைந்துள்ளது. நதியை வலப்புறத்தில் கொண்டு, எங்கும் அதைக் குறுக்கே கடக்காமல், இரு கரைகளையும் சுற்றி வருபவர்கள் ஏறத்தாழ 2,600 கி.மீ. நடக்கிறார்கள். மழைக்காலத்துச் சாதுர்மாஸ்யம் முடிந்த பிறகே பெரும்பாலோர் தொடங்குவர். வழியெங்கும் ஒரே வணக்கம்: 'நர்மதே ஹர்!'

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓங்காரேஷ்வரிலிருந்து தென்கரை வழியாக மேற்கு நோக்கிச் சில வாரங்கள் நடக்கும் பேறு எனக்குக் கிட்டியது. அப்போது நான் ஒரு நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் பிரதியை ஆசிரமத்தில் விட்டுவர மனமில்லை. அதைத் திருத்துவதற்கு ஓர் அகராதி வேண்டும். அகராதி போதாத இடங்களுக்கு இரண்டு உரைநூல்கள் வேண்டும். இப்படியாக என் பை பெருத்தது. மூன்றாம் நாள் ஒரு கிராமத்துத் தானியக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 13 கிலோ இருந்தது. என் உடல் எடையே அப்போது 58 கிலோதான்.

அதே வழியில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டியும் நடந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு துணி மூட்டை, கையில் ஒரு கோல், மறு கையில் குடிநீருக்காக ஒரு பித்தளைப் பாத்திரம். மரத்தடியில் நான் பையை இறக்கிவைத்து மூச்சு வாங்கியபோது அவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'மகராஜ், இது யாருடைய சுமை?'

'என்னுடையதுதான், மாதாஜி.'

'எல்லாமும் உங்களுடையதா?' என்று வியந்தார். கேலியாகக் கேட்கவில்லை. ஒரு சாது இவ்வளவு சுமக்கிறார் என்றால் அதில் மற்றவர்களுடைய பொருளும் இருக்கும் என்றே அவர் எண்ணியிருக்கிறார்.

மறுநாள் கற்கள் நிறைந்த ஓர் ஓடையைக் கடக்கும்போது அவர் வழுக்கி விழுந்தார். பெரிய காயம் இல்லை. மணிக்கட்டு மட்டும் பிசகிவிட்டது. நீர் நிறைந்த பாத்திரத்தை அவரால் தூக்க முடியவில்லை. அருகில் இருந்தவன் நான். அவர் வாய்திறந்து கேட்கவில்லை; ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். என் தோள்பட்டைகள் வலித்துக்கொண்டிருந்தன. இரு கைகளாலும் பையின் வார்களைத் தாங்கிப் பிடித்திருந்தேன். 'இன்னும் கொஞ்ச தூரம்தான், மாதாஜி' என்று சொன்னேன். அந்தச் சொற்களை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பின்னால் வந்த ஓர் இளைஞர் தம் சிறு மூட்டையைத் தோளில் தள்ளிப் போட்டுக்கொண்டு, பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது பெரிய தியாகமாகப் பட்டிருக்காது. அவர் கை காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

வியாசர் குறிப்பிட்ட ஐந்தாவது குறை அன்று எனக்கு விளங்கியது. பொருள் நேராக யாரையும் துன்புறுத்தாமல் இருக்கலாம். ஆனால் துன்பப்படுபவருக்கு நீள வேண்டிய கையை அது முன்பே பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுத்து வந்த ஊரின் அஞ்சலகத்திலிருந்து புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஆசிரமத்திற்கு அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த மூதாட்டி முன்னே சென்றுவிட்டார். மீண்டும் அவரைச் சந்திக்கவில்லை.

பழைய பரிக்ரமாவாசிகள் இதைவிடக் கடுமையான பாடத்தைப் பெற்றிருக்கிறார்கள். சூலபாணி காட்டுப் பகுதியில் மலைவாசிகள் யாத்திரிகர்களின் உடைமைகளைப் பறித்துக்கொள்வது முற்காலத்தில் வழக்கமாக இருந்தது. அதை நர்மதை அன்னை வைக்கும் சோதனையாகக் கருதி, எஞ்சியதோடு நடந்தவர்கள் பலர். சர்தார் சரோவர் அணை 2017-ஆம் ஆண்டு நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அக்காட்டின் ஒரு பகுதி இன்று அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கியுள்ளது. அந்த மலைமக்களில் பலர் தங்கள் ஊர்களையே நீருக்குக் கொடுத்துவிட்டு வெளியேற நேர்ந்தது. இழத்தலைப் பற்றி யாத்திரிகன் பெருமையாகப் பேசத் தொடங்கும்போது இதையும் நினைவில் கொள்வது நல்லது.

வெறுங்கை மட்டும் துறவாகாது

அப்படியானால் எதையுமே எடுத்துச் செல்லாமல் கிளம்பிவிடலாமா? அதுவும் சரியன்று. குடிநீரும் மருந்தும் இன்றிப் புறப்பட்டு, வழியில் மயங்கி விழுபவனை மற்றவர்கள்தான் தூக்க வேண்டும். தன் சுமையைப் பிறர் தோளில் ஏற்றுவது அபரிக்ரஹம் ஆகாது.

பௌத்தத் துறவிகளுக்கு விதிக்கப்பட்ட உடைமைகள் எட்டு: மூன்று சீவர ஆடைகள், பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. வெப்ப நாட்டில் கால்நடையாகத் திரிபவர்களுக்கென உருவாகி, பல நூற்றாண்டுகள் சோதிக்கப்பட்ட பட்டியல் இது. இதில் ஊசி இருப்பதைக் கவனிக்க வேண்டும். கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம், எனவே மாற்றாடைகளைச் சேர்க்க வேண்டியதில்லை. நீர் வடிகட்டி நீரிலுள்ள சிற்றுயிர்களையும் காக்கிறது, குடிப்பவனையும் காக்கிறது. மழைக்காலத்திற்கென்று தனியாக எந்தப் பொருளும் பட்டியலில் இல்லை. அந்த மாதங்களில் அவர்கள் பயணம் செய்யாமல் ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். காலமறிந்து நடப்பவனுக்குப் பாதிச் சுமை தானே குறைந்துவிடுகிறது.

சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கையிலும் இதன் இரு பக்கங்களையும் காண்கிறோம். பரிவ்ராஜகராகப் பாரதமெங்கும் அவர் சுற்றியபோது அவரிடம் இருந்தவை ஒரு தண்டம், ஒரு கமண்டலம், பகவத் கீதை, 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' ஆகிய இரு நூல்கள். 1893 மே 31 அன்று பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருடன் பெட்டிகளும் சென்றன. அவற்றைக் காப்பதே பெருந்தொல்லையாக இருப்பதை அவர் உணர்ந்தார். ஆனால் அத்தனை பெட்டிகள் இருந்தும், வட பசிபிக் கடலின் குளிரைத் தாங்கும் கம்பளி ஆடை அவற்றில் இல்லை. அதனால் பட்ட துன்பத்தை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே பொருள்களை எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. செல்லும் இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்றவைதாமா என்று அறியும் விவேகமும் வேண்டும்.

பையில் என்ன இருக்கட்டும்?

இனி இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். நீரையும் சேர்த்து, பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கட்டும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. வெயிலில் நடப்பவனுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். நீரைக் குறைக்க இயலாது என்பதால் மற்றவற்றைத்தான் குறைக்க வேண்டும்.

ஆடை இரண்டு தொகுதி போதும்: ஒன்று உடலில், மற்றொன்று கொடியில். மெல்லிய துணியாக, இரவில் துவைத்தால் காலைக்குள் உலர்வதாக இருக்கட்டும். முழுக்கைச் சட்டை வெயிலையும், பகலில் கடிக்கும் டெங்கு கொசுவையும் தடுக்கும். மலேரியா கொசு இரவில் கடிப்பது. அதற்கு ஒரு மெல்லிய கொசுவலை வேண்டும். ஒரு நீண்ட துண்டு தலைப்பாகையாகவும், நீர் வடிகட்டியாகவும், அடிபட்ட கையைத் தாங்கும் தூளியாகவும் உதவும். வெப்ப நாடு என்பதற்காகப் போர்வையை விட்டுவிடக் கூடாது. அமர்கண்டகம் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. மார்கழி இரவுகளில் அங்கு கடுங்குளிர். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கைந்து, காயத்திற்கு மருந்து, வழக்கமாக உண்ணும் மாத்திரைகள், ஊசி நூல், ஒரு சிறு விளக்கு ஆகியவை கட்டாயம் வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கான கரைசல் பொட்டலத்தின் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். அது ஓர் உயிரைக் காக்கக்கூடும். பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையை விரித்து, அதனுள் எல்லாவற்றையும் வைத்துக் கட்டினால் மழையைப் பற்றிய கவலை நீங்கும். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்காதீர்கள். படிப்பதற்கு ஒரு சிறு நூல் போதும். இரண்டாவது நூலாக நதி இருக்கிறது.

ஏற்பதும் சேர்ப்பதும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். அபரிக்ரஹம் என்பதற்கு, பிறரிடமிருந்து எதையும் பெறாதிருத்தல் என்றே சுவாமிஜி தமது ராஜயோக நூலில் பொருள் கூறுகிறார். குறைவாக எடுத்துச் செல்பவனோ வழியில் பிறரிடம் பெற வேண்டியிருக்குமே! நர்மதைக் கரையில் சதாவிரதம் என்ற பெயரில் யாத்திரிகர்களுக்கு மாவும் பருப்பும் வழங்குகிறார்கள். அதை ஏற்பது விரதத்திற்கு முரணாகாதா?

இதற்கு நம் துறவு மரபிலேயே விடை உள்ளது. மதுகரி பிக்ஷை என்ற முறைப்படி, வண்டு பல மலர்களில் சிறிது சிறிதாகத் தேன் எடுப்பதைப் போல், துறவி பல இல்லங்களில் சிறிது சிறிதாக உணவு பெறுகிறான். எந்த இல்லத்திற்கும் அவன் பாரமாவதில்லை, எவருக்கும் அடிமையாவதுமில்லை. இன்றைய பசிக்கு ஏற்கிறான்; நாளைக்கென்று சேர்ப்பதில்லை. கைம்மாறு கருதித் தரப்படும் பரிசுகளே மனத்தைக் கட்டுகின்றன; அவற்றை விலக்க வேண்டும். அன்போடு இடப்படும் ஒரு பிடி மாவை வணங்கி ஏற்பவனிடம் அகங்காரமே குறைகிறது. நான் 13 கிலோ சுமந்ததற்கு, யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்ற செருக்கும் ஒரு காரணமே என்பதைப் பின்னர் உணர்ந்தேன். துறவு என்று நான் எண்ணியிருந்தது அந்தச் செருக்கைத்தான்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, எல்லாப் பொருள்களையும் பாயில் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, 'இது இல்லாவிட்டால் நான் பிறருக்குச் சுமையாவேனா? இது இருந்தால் பிறருக்கு உதவ என் கை தடைப்படுமா?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் பையில் வையுங்கள். இரண்டாவதற்கு 'ஆம்' என்றால் வீட்டில் விட்டுச் செல்லுங்கள். இரண்டிற்கும் 'இல்லை' என்றால் அது எதற்காகப் பாயில் வந்து சேர்ந்தது என்பதைச் சற்று ஆராயுங்கள். அந்த ஆராய்ச்சியிலேயே யாத்திரை தொடங்கிவிடும்.

யாத்திரை செல்லாத இல்லறத்தாருக்கும் இக்கேள்விகள் பொருந்தும். வீடு என்பதும் நாம் சுமக்கும் ஒரு பைதான். அதை நிரப்பிக் காப்பதிலேயே இரு கைகளும் முடங்கிவிட்டால், வாசலில் வந்து நிற்பவரை நிமிர்ந்து பார்க்கவும் நமக்கு இயலாமல் போகும். ஏற்கும்போது பணிவும், கொடுக்கும்போது காலியான ஒரு கையும் நமக்கு எப்போதும் வாய்க்க இறைவன் அருள்வாராக!