சுரங்க நீரைப் பாசனத்திற்குப் பயன்படுத்தலாமா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும் பணி 1957-ஆம் ஆண்டில் தொடங்கியது. நிலக்கரிப் படுகையின் அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் உள்ளது. இதனை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடில் சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து நீர் பீறிடும். எனவே இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. இந்நீரில் ஒரு பகுதி வாய்க்கால்கள் வழியே சுற்றுப்புற வயல்களுக்குப் பாய்கிறது.

சுரங்க நீர் இருவகைப்படும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் தெளிவானது. மழையில் குழியில் தேங்கி வெளியேற்றப்படும் நீர், களிமண்ணும் நிலக்கரித் துகளும் கலந்தது. தோண்டிக் குவித்த மண்மேடுகளைப் படிகளாக அமைத்துப் புல், மரம் வளர்ப்பதும், அடிவாரத்தில் வடிகாலும் வண்டல் படியும் குட்டையும் அமைப்பதும் சுரங்கத்தாரின் பொறுப்பு.

உழவர்கள் செய்ய வேண்டியவை:

1. கலங்கல் நீரை நேரே வயலில் பாய்ச்சக் கூடாது. வண்டல் மண்ணின் துளைகளை அடைத்து, காய்ந்தபின் மேல்மண் இறுகி முளைப்பைக் கெடுக்கும். குட்டையில் தேக்கித் தெளிந்தபின் பாய்ச்சவும்.

2. தெளிந்த நீரிலும் உப்பு இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. சுத்தமான பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, கோடையிலும் மழைக்குப் பின்னும் ஆய்வுக்கு அனுப்பவும்.

3. மின்கடத்தும் திறன் 0.75 டெசிசைமனுக்குள்ளும், கார அமில நிலை 6.5 முதல் 8.4 வரையும் இருப்பின் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது. மின்கடத்தும் திறன் 2.25-ஐத் தாண்டினால் சாதாரணப் பாசனத்திற்கு உதவாது.

4. தொடர்ந்து இறைப்பதால் அருகிலுள்ள கிணறுகளில் நீர்மட்டம் தாழக்கூடும். மாதந்தோறும் அளந்து நோட்டில் குறித்து வைக்கவும். முறையிட நேர்ந்தால் அக்குறிப்பே சான்றாகும்.