கூட்டினால் கெடும், பெருக்கினால் நிற்கும்!

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ சிறு குழந்தை இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆங்கில எழுத்துகளை வரிசையாக ராகம் போட்டுப் பாடச் சொல்லுங்கள். அது முடிந்ததும் நட்சத்திரத்தைப் பற்றிய ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாட்டைப் பாடச் சொல்லுங்கள். கூர்ந்து கேட்டால் ஓர் உண்மை புலப்படும். சொற்கள் வேறு, மெட்டு ஒன்றே!

இந்த மெட்டு பிரான்சு நாட்டில் பிறந்தது. 1761-ல் அங்கே அச்சேறியது. இசைமேதை மோட்சார்ட் இதையே எடுத்துக்கொண்டு பன்னிரண்டு விதமாக மாற்றி மாற்றிப் பியானோவுக்கு எழுதினார். 1806-ல் வெளிவந்த ஜேன் டெய்லரின் நட்சத்திரக் கவிதை பிற்பாடு இந்த மெட்டில் ஏறி அமர்ந்தது. ஆங்கில அகரவரிசையும் வந்து சேர்ந்துகொண்டது. நம் நாட்டில் முத்துசுவாமி தீட்சிதர் ‘ச்யாமளே மீனாக்ஷி’ என்ற வடமொழிப் பாடலை இதே மெட்டில் இயற்றினார்.

இவ்வளவு பேர் கைபட்டும் மெட்டு தன் அடையாளத்தை இழக்கவில்லை. குரல் மாறுகிறது, மொழி மாறுகிறது, வாத்தியம் மாறுகிறது. பின், மாறாமல் இருப்பதுதான் எது? இந்தக் கேள்வியோடு ஒரு மாணவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

கண்காட்சிக்கு முந்திய வாரம்

நான் வசிப்பது உத்திரமேரூர். குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள ஊர் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு கருவி செய்திருந்தான். சிறிய மின்னணுப் பலகை ஒன்று, அதனோடு இணைந்த ஒலிப்பான் ஒன்று. எந்த ஸ்வரத்துக்கு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கருவி அதை ஒலிக்கும். ‘ஒரு மெட்டு, மூன்று பாட்டு’ என்பது தலைப்பு. கருவி மெட்டை வாசிக்க, வகுப்புத் தோழிகள் மூவர் அந்த மூன்று பாட்டுகளையும் பாட வேண்டும்.

அவன் எழுதியிருந்த எண்கள் இவை:

ஸ 240, ரி 270, க 300, ம 320, ப 360, த 400.

இந்த எண்களில் பிழை ஏதும் இல்லை. கருவி தனியே வாசித்தபோது மெட்டு அழகாகவே வந்தது. ஆனால் பாட வந்த பெண்களுக்கு அந்தச் சுருதி மிகவும் தாழ்ந்திருந்தது. சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்ததில் அவர்களுக்கு ஸ ஏறக்குறைய 300-ல் இருந்தால் வசதி என்று தெரிந்தது. “240-ஐ 300 ஆக்க வேண்டும், ஆக, எல்லாவற்றோடும் 60-ஐக் கூட்டினால் போதும்” என்று பையன் கணக்குப் போட்டான். அவனுக்குக் கிடைத்த புதிய எண்கள்:

ஸ 300, ரி 330, க 360, ம 380, ப 420, த 460.

ஒத்திகையில் கருவியைப் போட்டார்கள். என்ன பாட்டு என்று ஒருவாறு தெரிந்தது. ஆனால் கோணல்மாணலாக ஒலித்தது. பெண்கள் ஒரு பக்கம் போனால் கருவி இன்னொரு பக்கம் போயிற்று. “பாட்டையே கெடுத்துவிட்டாய்” என்று தோழிகள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்களாம். கண்காட்சிக்கு நான்கே நாட்கள். “சார், எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவுதானே கூட்டினேன்? யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லையே!” என்றான், அழாக்குறையாக.

காது பார்ப்பது வித்தியாசத்தை அல்ல

அவன் செய்த தவறு என்ன? நீங்களே கண்டுபிடிக்கலாம். முதல் பட்டியலில் ப-வின் அதிர்வெண்ணை ஸ-வின் அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். 360-ஐ 240-ஆல் வகுத்தால் 1.5. இரண்டாவது பட்டியலில்? 420-ஐ 300-ஆல் வகுத்தால் 1.4. ப என்ற ஸ்வரமே காணாமற்போய்விட்டது! 1.4 மடங்கு என்பது ஏறத்தாழப் பிரதி மத்தியமத்தின் இடம். ஸ-விலிருந்து ப-வுக்குத் தாவுவதில்தான் இந்த மெட்டே தொடங்குகிறது. முதற் படியிலேயே கால் இடறினால் மீதி எப்படி இருக்கும்?

நம் காது இரண்டு ஸ்வரங்களின் உறவை அறிவது, அவற்றின் அதிர்வெண்களுக்கு இடையே உள்ள விகிதத்தைக் கொண்டு. வித்தியாசத்தைக் கொண்டு அல்ல. ஸ-வைப் போல ஒன்றரை மடங்கு எதுவோ அது ப. ஸ-வைப் போல இரு மடங்கு எதுவோ அது மேல் ஸ. ஸ 240 ஆனால் ப 360; ஸ 300 ஆனால் ப 450; ஸ 200 ஆனால் ப 300. எண்கள் எப்படி மாறினாலும் 3:2 என்ற விகிதம் மாறுவதில்லை.

நம் முன்னோர் இந்த உறவை நன்கு அறிந்திருந்தார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழிசையின் ஏழு சுரங்கள். குரல் என்பது ஸ. இளி என்பது ப. பழந்தமிழ் இசையின் இந்த அளவுகளைக் கணிதத்தோடு ஆராய்ந்து 1947-ல் ‘யாழ் நூல்’ என்ற பெருநூலை வெளியிட்டவர், இலங்கையைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர். அவர் அறிவியலும் கற்ற தமிழறிஞர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

விகிதத்துக்கு ஏன் இந்த மதிப்பு?

குரலோ ஆர்மோனியமோ 240 அதிர்வுள்ள ஒலியை எழுப்பும்போது 240 மட்டும் வருவதில்லை. அதன் மடங்குகளான 480, 720, 960 முதலியனவும் உடன் எழுகின்றன. இவை மேற்சுரங்கள். 360 அதிர்வுள்ள ப-வுக்கு 720, 1080, 1440 என்று மேற்சுரங்கள் உண்டு. இரண்டு வரிசையிலும் 720 இருக்கிறது பாருங்கள்! ஸ-வின் மூன்றாவதும் ப-வின் இரண்டாவதும் ஒன்றாகப் பொருந்துகின்றன. சுருதிப் பெட்டி ஸ-வைப் பிடித்துக்கொண்டிருக்க நாம் ப-வைப் பாடும்போது இழைந்து கேட்பதற்கு இந்தப் பொருத்தம் முக்கியக் காரணம்.

இப்போது 300-ஐயும் 420-ஐயும் எடுத்துக்கொள்வோம். முதலாவதன் வரிசை 600, 900, 1200 என்று போகிறது. இரண்டாவதன் வரிசை 840, 1260, 1680 என்று போகிறது. 2100 வரை போனால்தான் இரண்டும் சந்திக்கின்றன. அதற்குள் 840-ம் 900-மும், 1200-ம் 1260-ம் அருகருகே நின்று உரசுகின்றன. அந்த உரசலைத்தான் பெண்களின் காது ‘கோணல்’ என்று சொல்லிற்று.

எல்லா எண்களையும் ஒரே எண்ணால் பெருக்கினால் இந்தப் பொருத்தம் குலைவதில்லை. 240-ஐ 300 ஆக்க 1.25-ஆல் பெருக்க வேண்டும். மற்றவற்றையும் அப்படியே பெருக்கினால்:

ஸ 300, ரி 337.5, க 375, ம 400, ப 450, த 500.

பையனிடம் சொன்னேன்: “தம்பி, நீ எழுதிய கூட்டல் குறியைச் சற்றே சாய்த்துப் போடு, பெருக்கல் குறி ஆகிவிடும். பாட்டு நிமிர்ந்துவிடும்.”

காலத்துக்கும் இதே விதி

மெட்டு என்பது ஸ்வரங்கள் மட்டும் அல்ல; ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் சேர்ந்ததுதான். நம் மெட்டில் முதல் ஆறு ஸ்வரங்கள் அரை அரை வினாடி நின்றால், ஏழாவது ஒரு வினாடி நிற்கும். விகிதம் 1:2. இரண்டு மடங்கு மெதுவாகப் பாடினால் ஒரு வினாடியும் இரண்டு வினாடியும் ஆகும், விகிதம் அதேதான். இதற்குப் பதிலாக ஒவ்வொன்றோடும் அரை வினாடி கூட்டினால் 1 வினாடியும் 1.5 வினாடியும் ஆகி, விகிதம் 2:3 ஆகிவிடும். தாளம் தள்ளாடும்.

அந்தக் கால ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் ஆண் குரல் கீச்சுக்குரலாகும். ஆனால் பாட்டு இன்னதென்று குழந்தைக்கும் தெரியும். அதிர்வெண்கள் எல்லாம் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டன. நேரங்கள் எல்லாம் அதே எண்ணால் வகுக்கப்பட்டன. விகிதங்கள் தப்பிப் பிழைத்தன!

தீட்சிதர் மாற்றியதும் மாற்றாததும்

இனி, பிறர் மெட்டைப் புதுமையாகக் கையாள்கிறவர் எவற்றை மாற்றுகிறார் என்று பார்ப்போம். நம் மண்ணிலேயே சிறந்த சான்று இருக்கிறது. திருவாரூரில் பிறந்து 1835-ல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் சில காலம் வாழ்ந்தது. கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளை அப்போது கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதர் பின்னர் எங்கள் பக்கத்து நகரமான காஞ்சியிலும் சில ஆண்டுகள் தங்கியிருந்தார்.

பாண்டு மெட்டுகளுக்கு அவர் எழுதிய வடமொழிப் பாடல்கள் ஏறக்குறைய நாற்பது. இவற்றை ‘நோட்டுஸ்வரம்’ என்பார்கள். பிரிட்டனின் அரச வாழ்த்தான ‘காட் சேவ் தி கிங்’ மெட்டில் அவர் அமைத்தது ‘ஸந்ததம் பாஹிமாம்’. அரசனை வாழ்த்திய மெட்டு அம்பிகையைப் பாடியது! மொழியும் பொருளும் மாறின. ஊதுகுழல்களும் முரசும் இருந்த இடத்தில் மனிதக் குரல் வந்தது.

வாத்தியம் மாறினால் எது மாறும்? மேற்சுரங்களின் பலம் மாறும். உருளை வடிவமான கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயியில் ஒற்றைப்படை மேற்சுரங்களே ஓங்கி நிற்கும். கூம்பு வடிவமான நாதஸ்வரத்தில் எல்லா மேற்சுரங்களும் உண்டு. எனவே ஒரே பாட்டைக் கல்யாண ஊர்வலத்தில் பாண்டு செட்டார் வாசித்தால் ஒரு சாயல். நாதஸ்வரக்காரர் வாசித்தால் இன்னொரு சாயல். ஸ்வரங்களின் விகிதம் மட்டும் அதே விகிதம்.

தீட்சிதர் அந்த விகிதங்களைக் காப்பாற்றினார். மேனாட்டு ‘மேஜர்’ ஸ்வர வரிசைக்கு நம்மிடம் இணையாக உள்ளது சங்கராபரணம். அதில் அவர் பாடல்களை அமைத்தார். கமகங்களைப் பெரும்பாலும் தவிர்த்து நேர் ஸ்வரங்களாகவே நிறுத்தினார்.

விகிதத்தையே மாற்றக் கூடாதா? மாற்றலாம், தெரிந்து மாற்ற வேண்டும். மோட்சார்ட்டின் பன்னிரண்டு வடிவங்களில் எட்டாவது, ‘மைனர்’ வரிசைக்கு மாறுகிறது. முக்கிய மாற்றம் க-வில். 5:4 என்ற விகிதம் 6:5 ஆகிறது. ஸ 240 என்றால் க 300-லிருந்து 288-க்கு இறங்குகிறது. பன்னிரண்டே அதிர்வுகள்! மகிழ்ச்சியான மெட்டில் சோகம் கவிந்துவிடுகிறது. ஆனால் கோணல் இல்லை. ஏனெனில் அவர் ஓர் எளிய விகிதத்தை விட்டு இன்னோர் எளிய விகிதத்துக்குப் போனார். நம் பையனோ வழியில் அகப்பட்ட இடத்தில் நின்றான்.

கண்காட்சியில்

பெருக்கல் குறி வேலை செய்தது. தோழிகளும் சமாதானமாகித் திரும்பி வந்தார்கள். மூன்று பாட்டும் 300 சுருதியில் கருவியோடு இணைந்தன. பையன் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கெட்டுப்போன பட்டியலை அவன் அழித்துவிடவில்லை. இரண்டு பொத்தான்கள் வைத்து, ஒன்றில் ‘கூட்டல்’ என்றும் மற்றொன்றில் ‘பெருக்கல்’ என்றும் எழுதி ஒட்டியிருந்தான். வந்தவர்கள் எல்லாரும் முதலில் கூட்டலை அழுத்தி முகம் சுளித்தார்கள். பிறகு பெருக்கலை அழுத்திச் சிரித்தார்கள். பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவான ஆறு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீரின் அளவை மாற்றி ஊற்றி, கரண்டியால் மெல்லத் தட்டி இந்த மெட்டை வாசியுங்கள். பிறகு எல்லா டம்ளர்களிலும் ஒரே அளவு தண்ணீரை மேலும் ஊற்றுங்கள். மெட்டு நிற்கிறதா? ஏன்?

2. ஸ 256 என்று வைத்துக்கொண்டு ரி, க, ம, ப, த ஆகியவற்றின் அதிர்வெண்களைக் கணக்கிடுங்கள்.

3. 240, 300, 360 ஆகிய மூன்றோடும் 120-ஐக் கூட்டினால் வரும் எண்களில் ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள விகிதம் என்ன? அது எந்த ஸ்வரத்தின் விகிதம் என்பதை முதல் பட்டியலில் தேடிக் கண்டுபிடியுங்கள்.