வலைநிரல் கற்கக் கணினியை ஆயத்தம் செய்தல்

வலைப்பக்க நிரலாக்கம் கற்க விழையும் மாணவர் பலர், விலையுயர்ந்த கணினியும் இடையறாத இணைய இணைப்பும் இன்றியமையாதன எனக் கருதித் தொடக்கத்திலேயே தயங்கி நின்றுவிடுகின்றனர். அத்தயக்கம் வேண்டாதது என்பது நம் கருத்து. பழைய கணினி ஒன்று, நோட்பேடு போன்ற எளிய எழுதுகருவி, ஓர் உலாவி ஆகிய மூன்றும் போதும். 1990இல் டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்தில் இயற்றிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்க மட்டுமன்றி எழுதவும் உதவியது. எழுதுவோர் வேறு, படிப்போர் வேறு என்னும் பிரிவினை பின்னர் வந்ததே.

எழுதிய கோப்பைக் கணினியிலேயே சேமித்து உலாவியில் திறந்தால் பக்கம் தோன்றும்; இணையம் வேண்டுவதில்லை. ஆயினும் விண்டோஸ் கோப்புப் பெயரின் இறுதி ஒட்டை மறைத்து வைப்பதால், எச்.டி.எம்.எல். என முடியவேண்டிய பெயரின் பின் டி.எக்ஸ்.டி. என்பது நாம் அறியாமலே ஒட்டிக்கொள்ளும். அப்போது பக்கத்திற்கு மாறாக நாம் எழுதிய குறிகளே திரையில் நிற்கும். ஆதலின் அவ்வொட்டுகளைக் காட்டுமாறு முதற்கண் அமைத்துக்கொள்க.

தமிழில் எழுதுவோர் மறவாது செய்யவேண்டியது பிறிதொன்று உண்டு. கோப்பை யூ.டி.எப்.-8 குறியாக்கத்தில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதனை அறிவித்தல் வேண்டும். தவறின், 'அம்மா' என்னும் சொல்லும் பொருளற்ற இலத்தீன் குறிகளாய்ச் சிதையக்கூடும். ஒருங்குறி பரவுமுன் தத்தம் எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ்க் கட்டுரைகள் பல, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் இன்றும் அவ்வாறே படிக்கவியலாது கிடக்கின்றன.